ஃபர்ஸ்ட் காப்பி பேட்டரி

"மாமா, 62 பர்சென்ட் இருந்துச்சு மாமா!"

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை 11 மணிக்கு என் அக்கா பையன் போனில் அலறிய வாக்கியம் இது. பாதி அழுகை, பாதி ஆத்திரம். ஆபீஸ் மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

விஷயம் இதுதான். பையனுக்கு அன்றைக்கு வீடியோவில் இண்டர்வியூ. இன்ஜினீயரிங் முடித்து எட்டு மாசம் கழித்து வந்த முதல் அழைப்பு. அவர்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் 2 வரை கரண்ட் கிடையாது என்று முதல் நாளே பேப்பரில் போட்டுவிட்டார்கள். "கவலைப்படாதேடா, புது பேட்டரி இருக்கு. மூணு மணி நேரம் நிக்கும்" என்று தைரியம் சொன்னது அடியேன். லேப்டாப் நான் 2013ல் வாங்கி அவனுக்குத் தானம் கொடுத்தது. பேட்டரியும் நான் வாங்கிக் கொடுத்ததுதான்.

பத்து மணிக்கு ஆரம்பித்து முதல் ரவுண்டு சுமுகமாக முடிந்திருக்கிறது. இரண்டாவதில் ஒரு ப்ரோகிராம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக்கொண்டே வந்தவன் திரையின் மூலையைப் பார்த்திருக்கிறான். 62 பர்சென்ட். அப்பாடா என்று அடுத்த வரியை அடிப்பதற்குள் திரை கறுப்பு! எச்சரிக்கை இல்லை, 'சார்ஜ் குறைவு' என்று ஒரு முனகல்கூட இல்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் பொசுக்கென்று சாய்ந்த மாதிரி.

கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் எழுதினான். 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று எழுதினால், சார்ஜ் போட்டு வைக்கக்கூடப் பொறுப்பில்லாதவன் என்பார்கள். '62 சதவீதம் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது' என்று எழுதினால்? பாட்டி மூன்றாவது முறையாகச் செத்துப்போனதற்கு லீவு கேட்ட குமாஸ்தாவைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். எழுதினான். பதில் வரவில்லை.

இனி, அந்தப் பேட்டரி வாங்கிய கதை.

பழைய பேட்டரி பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை என்றதும் முதலில் ஒழுங்கு மரியாதையாகக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இளைஞர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலுக்கு பேட்டரி வர்றது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு ஸார்" என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில். புது லேப்டாப் விலைப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தார். நாற்பதாயிரத்தில் தொடங்கியது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக ரிச்சி ஸ்ட்ரீட்.

மவுண்ட் ரோட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை பக்கம் திரும்பினால் வரும் அந்தச் சின்னத் தெருவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கான எந்தப் பொருளும் கிடைக்கும். அந்தப் பொருள் அந்தப் பொருளேதானா என்பது வேறு விஷயம்.

ஒரு கடையில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்.

"உங்களுக்கு எது வேணும் ஸார்? கம்பாட்டிபிளா, ஓ.ஈ.எம்.மா, ஃபர்ஸ்ட் காப்பியா?"

"ஃபர்ஸ்ட் காப்பின்னா?"

"ஒரிஜினல் மாதிரியே இருக்கும் ஸார். ஸ்டிக்கர்கூட அதே ஸ்டிக்கர்."

எனக்குத் தெரிந்த ஃபர்ஸ்ட் காபி, காலையில் இறங்கும் முதல் டிகாக்ஷனில் போடுவது. இவர் சொன்ன காப்பி வேறு ஜாதி. கம்பாட்டிபிள் என்றால் வேறு கம்பெனி தன் பெயரைப் போட்டே, 'உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்தும்' என்று சொல்லி விற்பது. அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஃபர்ஸ்ட் காப்பி என்றால் ஒரிஜினல் கம்பெனியின் பெயரையே ஒட்டிக்கொண்டு வருவது. தமிழில் இதற்குப் பெயர் போலி. ஆனால் 'ஸார், நல்ல போலி இருக்கு, எடுத்துக்கறீங்களா?' என்று கேட்டால் வியாபாரம் ஆகுமா?

கம்பாட்டிபிள் 1,900 ரூபாய். ஃபர்ஸ்ட் காப்பி 1,000. "ஆறு மாசம் வாரண்டி, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். ஒரிஜினல் பெயரும் கிடைக்கிறது, 900 ரூபாயும் மிச்சம் என்று என் மத்தியதர மனசு ஒரு கணக்குப் போட்டது. பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு வந்தது. கடை பெயர் இல்லாத சீட்டு. அதையும் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்ட மேதை நான்.

இண்டர்வியூ போன பிறகு அந்தப் பேட்டரியை எங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். லேப்டாப் சமாசாரத்தில் முப்பது வருஷ அனுபவம். பேட்டரியைக் கையில் வாங்கினார். திறக்கவில்லை, மீட்டர் வைக்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"லேசா இருக்கே தம்பி. உங்க பழைய பேட்டரி இருக்கா?"

செத்துப்போன பழைய ஒரிஜினல் வீட்டுப் பரணில் கிடந்தது. கொண்டுவந்தேன். பக்கத்துக் காய்கறிக் கடை அக்காவிடம் எலெக்ட்ரானிக் தராசு. வெங்காயத்தை எடுத்துவிட்டு இரண்டையும் வைத்தோம். செத்த பேட்டரி 320 கிராம். 'புது' பேட்டரி 185.

"என்ன தம்பி, பேட்டரியிலயும் எடை குறைக்கிறாங்களா? எங்களைத்தான் சொல்வீங்க!" என்றார் அக்கா.

மெக்கானிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நெம்புகோலால் நிதானமாகத் திறந்தார். (இதை நீங்கள் வீட்டில் செய்யக் கூடாது. ஸ்க்ரூடிரைவர் முனை தவறிப் பட்டால் உள்ளே இருப்பது தீப்பிடிக்கும்.) ஆறு செல் இருக்க வேண்டிய அறையில் மூன்றே மூன்று. மீதி மூன்று இடத்தில் வெள்ளை ஃபோம், சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தது! இருந்த மூன்றிலும் ஒன்று பச்சை உறை, இரண்டு நீலம். முனைகளில் ஏற்கெனவே ஒரு தடவை வெல்டிங் வைத்துப் பிய்த்த தழும்பு. ஏதோ ஒரு பழைய பேட்டரியிலிருந்து பிரித்து எடுத்த, மறுஜென்மம் எடுத்த செல்கள்.

இப்போது கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

கழற்றி மாட்டக்கூடிய பழைய லேப்டாப் பேட்டரிக்குள் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற உருளை செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி பூஜ்யம் உருளை வடிவத்துக்கு. லித்தியம்-அயான் ஜாதி. 1991ல் சோனி கம்பெனி இந்த ஜாதியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019ல் கெமிஸ்ட்ரி நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்போது குட்இனஃப்புக்கு வயது 97. பேட்டரி துறையில் அவ்வளவு நாள் நின்றவர் அவர் ஒருவர்தான்!

ஒரு செல்லுக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட். மூன்று செல்லை வரிசையாகக் கோத்தால் 10.8 அல்லது 11.1. அப்படி இரண்டு வரிசை போட்டால் ஆறு செல் பேட்டரி. இரண்டு வரிசை எதற்கு என்றால், ஒரு வரிசை இருந்தாலே லேப்டாப் ஓடும், ஆனால் பாதி நேரம்தான். என் ஃபர்ஸ்ட் காப்பியில் இருந்தது அந்த ஒற்றை வரிசை.

அப்படியானால் 62 பர்சென்ட் எங்கிருந்து வந்தது? பேட்டரிக்குள் ஒரு சின்ன சர்க்யூட் பலகை இருக்கிறது. அதில் உள்ள சிப், அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமலும், அடியோடு வற்றிப்போகாமலும், ஷார்ட் ஆகாமலும் காவல் காக்கிறது. கூடவே எவ்வளவு கரண்ட் வெளியே போகிறது என்று எண்ணிக் கணக்கும் எழுதுகிறது. நம் ஆபீஸ் அக்கவுண்டண்ட் மாதிரி. ஆரம்ப இருப்பு 5,200 என்று யாரோ அதில் எழுதி வைத்துவிட்டார்கள். அந்த அப்பாவி, பணம் போகப் போகக் கழித்துக்கொண்டே வந்தது. கஜானாவில் உண்மையில் இருந்தது 2,000 சொச்சம்தான் என்று அதற்குத் தெரியாது. 2,000 தீர்ந்ததும் புஸ்தகத்தில் 62 சதவீதம் பாக்கி, கஜானா காலி! பையன் பொய் சொல்லவில்லை. சிப்பும் பொய் சொல்லவில்லை. ஆரம்ப இருப்பை எழுதியவன் சொன்ன பொய் அது.

செல்கள் பலவயதுக்காரர்களாக இருந்தாலும் இதே கதிதான். வரிசையில் கோத்த மூன்று செல்லும் கைகோத்து நடப்பவர்கள். நோஞ்சான் உட்கார்ந்தால் மற்ற இருவரும் நின்றுதான் ஆக வேண்டும்.

'அதனால்தான் ஸார் நான் எப்பவும் ஒரிஜினல்தான் வாங்குவேன்' என்று முன்வரிசையில் ஒருவர் கை தூக்குவது தெரிகிறது. உட்காருங்கள் ஸார். பத்து வருஷத்துக்கு முந்தைய மாடலுக்கு ஒரிஜினல் கிடைத்தால், அது எப்போது செய்தது என்று பாருங்கள். லித்தியம் பேட்டரி உபயோகித்தாலும் கிழடாகும், பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் கிழடாகும். உஷ்ணத்தில் இன்னும் சீக்கிரம். எட்டு வருஷம் குடோனில், நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் வெந்த அசல் பேட்டரியைவிட, போன மாசம் செய்த நேர்மையான கம்பாட்டிபிள் தேவலை.

பெரிய பெயர் இருந்தால் தப்பே வராது என்பதும் இல்லை. 2006 ஆகஸ்டில் டெல் கம்பெனி 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பக் கூப்பிட்டது. அதே மாசம் ஆப்பிள் 18 லட்சம். இரண்டிலும் இருந்தவை சோனியின் செல்கள். தயாரிக்கும்போது உள்ளே விழுந்த நுண்ணிய உலோகத் துகள்கள் ஷார்ட் ஆக்கித் தீப்பிடிக்கும் அபாயம். வித்தியாசம் எங்கே என்றால், அவர்களைத் தேடிப் போனால் மாற்றிக் கொடுத்தார்கள். எஸ்டிமேட் சீட்டுக்காரரை எங்கே போய்த் தேடுவது?

ஆக, பேட்டரியில் பார்க்க வேண்டியது கம்பெனி ஒரிஜினலா, வேறு கம்பெனியா என்பது அல்ல. உள்ளே இருப்பதும் வெளியே எழுதியிருப்பதும் ஒன்றா என்பதுதான். தமிழக அரசு 2011ல் ஆரம்பித்துக் கொடுத்த இலவச லேப்டாப்கள் உட்பட எத்தனையோ பழைய லேப்டாப்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. பேட்டரி மாற்றினால் இன்னும் சில வருஷம் உழைக்கும். அதற்காக, 900 ரூபாய் மிச்சம் பிடித்து நான் கற்றதை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

முதலில் எடை. ஒரு 18650 செல் சுமார் 45லிருந்து 48 கிராம். ஆறு செல் என்றால் செல் மட்டுமே 270 கிராமுக்குக் குறையாது. மேல்கூடு, சர்க்யூட் சேர்த்து 300ஐத் தாண்ட வேண்டும். செத்துப்போன பழைய பேட்டரியைத் தூக்கிப் போடாமல் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பேட்டரி செத்தாலும் எடை சாகாது. இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, எம்.ஏ.ஹெச். என்று எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர் கணக்கு. இந்த செல்லில் நல்ல தயாரிப்பே பெரும்பாலும் 3,500, மிஞ்சினால் 3,600. இரண்டு வரிசை போட்ட ஆறு செல்லில் 4,400, 5,200 என்று எழுதியிருந்தால் நியாயம். 7,800 என்று எழுதியிருந்தால், அது ஒன்பது செல் போட்ட குண்டு பேட்டரியாக இருந்தால் சரி. அதே ஒல்லி உடம்பில் 7,800 என்றால் அது புராணம். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கிப் பாருங்கள்: 10.8 தடவை 4.4 என்றால் 47.5 வாட்-அவர். லேபிளில் போட்டிருக்கும் வாட்-அவர் இந்தப் பெருக்கலோடு ஒத்துப்போகவில்லை என்றால், லேபிள் அடித்தவர் கணக்கில் வீக். பேட்டரி செய்தவர் எதில் வீக்கோ!

மூன்றாவது, முத்திரை. இந்தியாவில் விற்கும் இந்த ஜாதி பேட்டரிகள் பி.ஐ.எஸ்.ஸில் பதிவாகியிருக்க வேண்டும். ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் மேலே இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று காட்டும். பெயர் வேறாக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகருங்கள்.

நான்காவது, ஜி.எஸ்.டி. எண் போட்ட நிஜ பில். மனைவி கேட்டால் காட்டுவதற்கு மட்டுமல்ல. வாரண்டிக்குள் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐக் கூப்பிட்டுச் சொல்ல, கையில் ஆதாரம் வேண்டுமே.

ஐந்தாவது, வீட்டுப் பரீட்சை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு பர்சென்ட் ஏற்றி, ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஒரு பழைய படத்தை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். முக்கியமான வேலை எதையும் திறந்து வைக்காதீர்கள். பழைய லேப்டாப் சாதாரண வேலைக்கு 15 வாட் தின்னும் என்று வைத்துக்கொண்டால், 47 வாட்-அவர் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்க வேண்டும். விண்டோஸ்காரர்கள் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்வுக்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து அடித்தால் ஜாதகமே வந்துவிடும். ஆனால் ஜாதகத்தை எழுதுவதும் அதே சிப்தான். ஆகவே கடிகாரத்தை நம்புங்கள். படம் பாதியில், 60 பர்சென்ட் காட்டும்போதே நின்றால், திங்கட்கிழமை காலை கடை வாசலில் நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இது தமாஷ் இல்லை. விலை குறைந்த பேட்டரியில் குறைவது நேரம் மட்டும் என்றால் பரவாயில்லை. காவல் காக்கும் சர்க்யூட்டிலும் சிக்கனம் பிடித்திருந்தால் அது வீட்டுக்கே வினை. தொட முடியாத சூடு, உப்பல், புது மாதிரி நாற்றம், உஸ்ஸென்ற சத்தம் எது வந்தாலும் சார்ஜரைப் பிடுங்குங்கள். அப்புறம் அதை உபயோகிக்காதீர்கள். மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரி நசுக்கும்போது தீப்பிடிக்கலாம். பழைய எலெக்ட்ரானிக் சாமான் வாங்கும் பதிவுபெற்ற இடத்தில் கொடுங்கள். பேட்டரிக் கழிவுக்கென்றே 2022ல் மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது.

என் கதையின் பாக்கி.

அடுத்த வாரமே மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். இந்த முறை தோள் பையில் செத்த பேட்டரி, கூடவே வீட்டுச் சமையலறையில் கோதுமை மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு. (திரும்பி வந்ததும் துடைத்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்.) வேறு கடை. "பேட்டரி" என்றேன். ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். நான் பேசாமல் தராசை எடுத்து வைத்து ஆன் செய்தேன்.

கடைக்காரர் தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடுத்து வைத்த பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தார்.

"ஒரு நிமிஷம் ஸார்" என்று ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து வேறு ஒரு பெட்டியை இறக்கினார். "உங்களுக்கு இதுதான் கரெக்டா இருக்கும்."

312 கிராம். கம்பெனி தன் பெயரையே போட்டிருந்த கம்பாட்டிபிள். பதிவு எண் ஆப்பில் சரியாக வந்தது. 1,850 ரூபாய், பில்லோடு. போட்ட புதிதில் மூன்று மணி நேரம் நின்றது. இன்றைக்கும் இரண்டே கால் மணி நேரம் நிற்கிறது.

பையனுக்கு ஐந்து மாசம் கழித்து வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்த ஐந்து மாசமும் அவன் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அக்காதான் ஒவ்வொரு மாசமும் போனில் "ஏதாவது சேதி வந்ததாடா?" என்று கேட்பாள். ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பேட்டரியின் நிஜ விலை எவ்வளவு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் மாசச் சம்பளத்தில் பையன் எனக்கு ஒரு பரிசு கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தேன். கையடக்கமான டிஜிட்டல் தராசு.

"நீங்க எது வாங்கப் போனாலும் கையோட எடுத்துட்டுப் போங்க மாமா" என்றான்.